கண்ணை மூட முடியாதவரை கண்ணை மூடச் சொல்ற ஆப்: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

முகத்தைப் பாத்து, குரலைக் கேட்டு ஆளைச் சரிபாக்குற ஆப்களை எங்க ஊரு வரைக்கும் கொண்டு வந்துட்ட வங்கி அதிகாரிங்க, பென்ஷன் அலுவலகத்துல இருக்கறவங்க, இந்த ஆப்களை எழுதிக் குடுக்குற கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் ராஜபாளையம் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். போர்டுல ஜெராக்ஸ்னு இருந்தாலும் வர்றவங்க பாதிப் பேரு ஆன்லைன் வேலைக்குத்தான் வர்றாங்க, பட்டா சிட்டா எடுக்க, பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட, பென்ஷன் வாங்குறவங்க லைஃப் சர்டிஃபிகேட் போட, வங்கிக்கு கேஒய்சி (கணக்கு வெச்சிருக்கறது இவருதானான்னு வங்கி சரிபாக்குறது) பண்ண, இப்படி. உங்க ஆப் எல்லாத்தையும் நீங்க ஆபீஸ்ல ஏசி ரூம்ல டெஸ்ட் பண்ணிப் பாத்திருப்பீங்க, நான் அதை தினமும் ஒரு ட்யூப்லைட் வெளிச்சத்துல, கண்புரை ஆபரேஷன் பண்ணினவங்க, பல்லு கட்டினவங்க, கை நடுங்குறவங்களை ஸ்டூல்ல உக்கார வெச்சு பாத்துட்டு இருக்கேன். அதனாலதான் இந்த லெட்டர்.

முதல்ல ஒருத்தரைப் பத்தி சொல்லிடறேன். எங்க ஊருக்காரர், வயசு 71, ஸ்பின்னிங் மில்லுல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவர், நாங்க எல்லாரும் ஐயான்னுதான் கூப்பிடுவோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு முகவாதம் வந்துச்சு. கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா முகத்துல எடது பக்கம் அப்படியே இறங்கிப் போச்சு, எடது கண்ணு முழுசா மூடாது, ராத்திரி சொட்டு மருந்து விட்டு இமையை டேப் போட்டு ஒட்டிட்டுத்தான் தூங்குறாரு. அவருக்கு ஒரு நாள் வங்கியில இருந்து மெசேஜ் வருது, கேஒய்சி புதுப்பிக்கணும், ஆப்லயே வீட்டுல இருந்தபடி பண்ணிக்கலாம்னு. எந்த வங்கின்னு நான் சொல்ல வரல, அது இங்க முக்கியமும் இல்ல, ஏன்னா இந்தக் கூத்து ஒரு வங்கியோட மட்டும் நிக்கல. அவரும் அவங்க வீட்டுக்கார அம்மாவும் காலையில பத்து மணிக்கு கடைக்கு வந்தாங்க.

ஆதார் நம்பர் போட்டாச்சு, ஓடிபி வந்தாச்சு, அடுத்து செல்லுல ஒரு வட்டம் வருது, முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும். வெச்சாரு. வட்டம் பச்சையாச்சு. அடுத்து கண்களை சிமிட்டவும்னு வருது. அவரு சிமிட்டுறாரு, வலது கண்ணு மூடித் திறக்குது, எடது கண்ணு அப்படியே முழிச்சுட்டு நிக்குது, வட்டம் சிவப்பாயிடுச்சு. மறுபடி. மறுபடி சிவப்பு. அப்ப அந்த அம்மா பக்கத்துல நின்னு ஒத்தை விரலால அவரோட எடது இமையை மெதுவா இழுத்து மூடி விட்டாங்க. உடனே ஆப்ல வருது, முகத்தை மறைக்க வேண்டாம். அந்தம்மா சட்டுன்னு கையை எடுத்துட்டாங்க, தப்பு பண்ணின மாதிரி என்னைப் பாத்தாங்க. நான் அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கூட அந்த விரல்தான் ஞாபகம் வந்துச்சு.

மூணு தடவைக்கு மேல போனதும் 24 மணி நேரம் கழித்து முயற்சிக்கவும்னு சொல்லிடுச்சு. மறுநாளும் வந்தாரு, அதே கதை. ரெண்டு வாரத்துல அக்கவுண்ட்ல பணம் எடுக்க முடியாமப் போச்சு. பென்ஷன் வருது, மெசேஜும் வருது, எடுக்க மட்டும் முடியல. பிஎஃப் பென்ஷன்ல மினிமம் தொகை 2014-ல 1,000 ரூபாய்னு வெச்சாங்க, அவருக்கு வர்றது அதை விடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி, அந்தக் காசுக்கு பஸ் ஏறி பதினெட்டு கிலோமீட்டர் போனா பிராஞ்ச்ல சொல்றாங்க, ஐயா இது ஆப்லதான் பண்ணணும், எங்களுக்கு சிஸ்டத்துல அந்த ஆப்ஷனே வரலன்னு. மூணாவது தடவை போனப்ப சீட்ல வேற ஒரு அதிகாரி இருந்திருக்காரு. பாஸ்புக் போட்டோவைப் பாத்தாரு, இவரு முகத்தைப் பாத்தாரு, ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி பழைய கையெழுத்தோட வெச்சுப் பாத்தாரு, மில்லு பேரு என்ன, எந்த வருஷம் ரிட்டையர் ஆனீங்கன்னு ரெண்டு கேள்வி கேட்டாரு. பத்து நிமிஷம். முடிஞ்சுது. அந்தப் பத்து நிமிஷம் கிடைக்க அவரு அஞ்சு வாரம் அலைஞ்சிருக்காரு.

நான் உங்ககிட்ட கேக்கறது எல்லாமே இந்தப் பத்து நிமிஷத்தைப் பத்தித்தான்.

இது ஏதோ எங்க ஊர்ல ஒருத்தருக்கு வந்த பிரச்சினைன்னு நினைச்சுடாதீங்க. ஆசிட் தாக்குதல்ல கண்ணும் முகமும் சிதைஞ்சு போன ஒரு பெண்ணை 2023-ல ஒரு வங்கியில இதே மாதிரி கண்ணை சிமிட்டுங்கன்னு கேட்டு, அவங்களால முடியாம, கேஒய்சி நடக்காமப் போயி, அவங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. 2025 ஏப்ரல் 30-ல நீதிபதி பர்திவாலா, நீதிபதி ஆர். மகாதேவன் பெஞ்ச் தீர்ப்பு குடுத்துச்சு. டிஜிட்டல் சேவை கிடைக்கிறதும் அரசியல் சாசனம் 21-ஆவது பிரிவு சொல்ற வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னு சொல்லி, 20 உத்தரவு போட்டாங்க, அதுல ஒண்ணு, ஆள் உயிரோட நேர்ல இருக்காரான்னு பாக்க கண்ணு சிமிட்டுறதை மட்டும் நம்பிட்டு இருக்காதீங்க, வேற வழியும் வைங்கன்னு. தீர்ப்பு வந்து எத்தனை நாளாச்சு. எங்க கடைக்கு வர்ற ஆப்ல பாதிக்கு மேல இன்னும் கண்ணு சிமிட்டுதான் கேக்குது.

நான் மெஷினுக்கு எதிரி இல்லங்க. அதை நீங்க நம்பணும். முகம் பாக்குற வசதி வந்தப்ப ரொம்ப சந்தோஷப்பட்ட ஆளு நான்தான். 2014 நவம்பர்ல ஜீவன் பிரமாண்ங்கற டிஜிட்டல் லைஃப் சர்டிஃபிகேட் முறை வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு வருஷமும் நான் உயிரோட இருக்கேன்னு காட்ட வயசானவங்க கருவூலத்துக்கும் வங்கிக்கும் போயி வரிசையில நிக்கணும். ஜீவன் பிரமாண் வந்து வீட்டுப் பக்கத்துலயே பண்ணலாம்னு ஆச்சு, ஆனா கைரேகை வைக்கணும். எங்க ஊர்ல கைரேகைன்னா அதுவே தனிப் பாடு. மில்லுல நூல் இழுத்து இழுத்து, தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கி, பாத்திரம் தேச்சு, காட்டுல களை எடுத்து, விரல் நுனி வழவழன்னு ஆயிருக்கும். ஈரத்துணியால துடைச்சு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு, திரும்பத் துடைச்சு, கட்டை விரல் வைங்க பாட்டி, ஆள்காட்டி விரல் வைங்க, அமுத்தாதீங்க, இப்ப லேசா அமுத்துங்கன்னு பத்து விரலையும் வெச்சுப் பாத்து, ரேகை விழலன்னு திருப்பி அனுப்பியிருக்கேன். போகும்போது அவங்க விரலைத் தானே திருப்பித் திருப்பிப் பாத்துட்டுப் போவாங்க. 2021 நவம்பர் கடைசியில முகம் காட்டினாப் போதும்னு வந்தப்ப அந்தப் பாட்டிங்கள்ல பல பேருக்கு ஒரே தடவையில வேலை முடிஞ்சுது, ஒரு பாட்டி என் கையைப் பிடிச்சுட்டு இவ்வளவுதானா தம்பின்னு கேட்டாங்க. தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்குப் பண்ணிக் குடுக்கறதும் இருக்கு, அதுவும் படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு எவ்வளவு பெரிய உதவின்னு எனக்குத் தெரியும். 2024 நவம்பர்ல மத்திய அரசு நடத்தின முகாம்ல மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல டிஜிட்டல் லைஃப் சர்டிஃபிகேட் போட்டிருக்காங்க. இதெல்லாம் நல்ல காரியம், இல்லன்னு சொல்ல முடியாது.

மனுசன் பாத்தா எல்லாம் சரியா இருக்கும்னும் நான் சொல்லல. முதியோர் பென்ஷன் மணியார்டர்ல வந்த காலத்துல போஸ்ட்மேன் முகத்தைப் பாத்துதான் குடுப்பாரு, யாரு எந்தத் தெரு, யாரு போன மாசம் ஆஸ்பத்திரியில இருந்தாங்க எல்லாம் அவருக்குத் தெரியும், ஆனா அதே காலத்துலதான் கையில குடுக்கும்போது பத்து இருபது பிடிச்சுக்கிட்டு குடுத்த கதையும், செத்தவங்க பேர்ல பணம் வாங்கின கதையும் ஊர் ஊருக்கு இருந்துச்சு. மெஷின் கொண்டு வந்ததுக்குக் காரணம் இருக்கு.

ஆனா மெஷின் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கிட்டாத்தான் அது சொல்ற பதிலுக்கு எவ்வளவு மதிப்பு குடுக்கணும்னு தெரியும். இதை நான் படிச்சு, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட வரைக்கும் சொல்றேன், உங்கள்ல பல பேருக்கு என்னை விட நல்லாத் தெரியும், இருந்தாலும் இதை வாசிக்கிற எங்க ஊர்க்காரங்களுக்காக. ரெண்டு வேலை இருக்கு. கூட்டத்துல ஒரு முகத்தைப் பாத்து இது யாருன்னு தேடுறது ஒரு வேலை, போலீஸ் கேமரா பண்றது. நான்தான் இன்னார்னு ஒருத்தர் சொல்றாரு, அது நெஜமான்னு பாக்கறது இன்னொரு வேலை, வங்கியும் பென்ஷனும் பண்றது இந்த ரெண்டாவது. ஆப் உங்க முகத்தை எடுத்து, கண்ணு மூக்கு தாடை இதோட அமைப்பை எல்லாம் நம்பரா மாத்தி, ஏற்கனவே இருக்கற போட்டோவோட நம்பர் கூட ஒப்பிட்டு, இவ்வளவு ஒத்துப் போகுதுன்னு ஒரு மார்க் போடும். ஆமா இல்லங்கறது எல்லாம் பொறகுதான், முதல்ல வர்றது மார்க்குதான். எத்தனை மார்க்குக்கு மேல பாஸ்னு ஒரு கோடு யாரோ ஒரு மனுசன் போட்டு வெச்சிருக்காரு. கோட்டை மேல தூக்கினா திருடன் உள்ள வர்றது குறையும், ஆனா உண்மையான ஆளு வெளிய நிக்கறது கூடும். கீழ இறக்கினா உல்ட்டா. ரெண்டையும் ஒரே சமயத்துல பூஜ்யமாக்க இன்னிக்கு வரைக்கும் யாராலயும் முடியல.

அப்ப மெஷின் இல்லன்னு சொன்னா அதுக்கு இவரு ஆள் மாறாட்டக்காரர்னு அர்த்தம் கிடையாது. எனக்கு மார்க் பத்தல, எனக்குத் தெரியலன்னுதான் அர்த்தம். நீங்க அதை இவரு அவரு இல்லன்னு எழுதிக்கிறீங்க. எல்லாத் தப்பும் இங்கதான் ஆரம்பிக்குது.

அதுலயும் ஒப்பிடற போட்டோ எதுன்னு பாருங்க. முதல் ஆதார் 2010 செப்டம்பர்ல மகாராஷ்டிராவுல தெம்ப்லிங்கற கிராமத்துல குடுத்தாங்க, எங்க பக்கம் எல்லாம் அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல முகாம் போட்டு பின்னாடி வெள்ளைத் துணியைத் தொங்க விட்டு வரிசையா உக்கார வெச்சு எடுத்தாங்க. அப்ப 60 வயசுல எடுத்த போட்டோ, இப்ப 74 வயசு முகம். நடுவுல பல்லு போயி கன்னம் குழிஞ்சிருக்கும், புருஷன் செத்ததுல இருந்து பொட்டு மூக்குத்தி இல்லாம இருப்பாங்க, கீமோ எடுத்தவங்களுக்கு புருவமே இருக்காது. போட்டோவைப் புதுசா எடுத்து மாத்திக்கலாம், ஆனா அதுக்கு ஆதார் சென்டருக்கு நேர்ல போகணும், ஆன்லைன்ல முடியாது, அதை யாரும் அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்றதில்ல, ஃபெயில் ஆகி அலைஞ்ச பிறகு என் மாதிரி கடைக்காரன்தான் சொல்றான்.

இன்னொண்ணு. அமெரிக்காவுல நிஸ்ட்னு தர நிர்ணய அமைப்பு இருக்கு, 2019 டிசம்பர்ல, முகத்தை ஒப்பிட்டு மார்க் போடற கம்ப்யூட்டர் முறைங்க, அதாவது அல்காரிதம், 189-ஐ சோதிச்சு அறிக்கை விட்டாங்க. தப்பான ஆளை சரின்னு ஏத்துக்கற பிழை, வெள்ளைக்காரங்க முகத்தை விட ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளி முகங்கள்ல பல அல்காரிதத்துல 10 மடங்குல இருந்து 100 மடங்கு வரைக்கும் ஜாஸ்தியா இருந்துச்சு, வயசானவங்க, குழந்தைங்க முகத்துலயும் நடு வயசுக்காரங்களை விட அந்தப் பிழை ஜாஸ்தி. அதுக்கப்புறம் அல்காரிதம் நிறைய முன்னேறியிருக்கு, சரி. ஆனா நீங்க வாங்குற அல்காரிதத்தை எங்க மில் தொழிலாளிங்க, தோட்டத் தொழிலாளிங்க முகத்துல, 70 தாண்டினவங்க முகத்துல சோதிச்சீங்களா, எத்தனை பேருக்கு ஃபெயில் ஆச்சுங்கற கணக்கை எங்கயாவது மக்கள் பாக்கற மாதிரி போட்டிருக்கீங்களா. 100-க்கு 99 பேருக்கு வேலை செய்யுதுன்னு சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கு, சும்மா ஒரு கணக்குக்கு 1 கோடி பேரை வெச்சுக்குங்க, மிச்சம் இருக்கற ஒரு ஆளு அங்க 1 லட்சம் பேர் ஆயிடறாங்க. அந்த 1 லட்சம் பேர் யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா அவங்கதான் என் கடை பெஞ்சுல உக்காந்திருக்காங்க. வயசு ஜாஸ்தி, உடம்பு முடியல, படிப்பு கம்மி, பேசத் தயங்கறவங்க. கோட்டை எந்தப் பக்கம் நகத்தினாலும் அடி படறது அவங்கதான்.

இப்ப அங்கன்வாடியில சத்துமாவு வாங்குற கர்ப்பிணிங்க, தாய்மாருங்களுக்கும் முகம் காட்டினாத்தான்னு 2025 ஜூலையில இருந்து கட்டாயமாக்கியிருக்காங்க. கைக்குழந்தையை இடுப்புல வெச்சுட்டு, சிக்னலுக்காக வாசல்ல வந்து செல்லைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கற பொண்ணுங்களுக்கும் நான் சொல்ற இதே பத்து நிமிஷ வழி வேணும்.

குரலைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா அது முகத்தை விட மோசம். கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினா உங்கள் குரலே உங்கள் கடவுச்சொல்னு ஆரம்பிக்கிற வழக்கம் வெளிநாட்டுல பல வருஷமா இருக்கு, இங்கயும் சில இடத்துல வந்தாச்சு. தயவு செஞ்சு அதை எங்க காசுக்குப் பூட்டா வைக்காதீங்க. 2017-லயே பிரிட்டன்ல பிபிசி நிருபர் ஒருத்தர் தன்னோட வங்கி அக்கவுண்ட்டுக்கு குரல் பூட்டு போட்டுட்டு, தன் கூடப் பொறந்த இரட்டையரைப் பேச வெச்சுப் பாத்தாரு. ரெண்டு பேரும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கற இரட்டையர் கூட இல்ல. ஏழு தடவை முடியல, எட்டாவது தடவை உள்ள போயிட்டாரு. அங்க மெஷினோட தப்பை விட, ஏழு தடவை தப்பா வந்தும் எட்டாவது தடவைக்கு கதவைத் திறந்து வெச்சிருந்ததுதான் எனக்கு உறுத்துது. இங்க இருக்கற ஆப்போ எங்க ஐயாவை மூணு தடவையில வெளிய தள்ளுது.

அப்பவாவது ஆள் வெச்சு மிமிக்ரி பண்ண வேண்டியிருந்துச்சு. 2024 மார்ச்ல, ஏஐ டூல் செய்யற ஓபன்ஏஐ கம்பெனி 15 செகண்ட் ஆடியோ இருந்தா ஒருத்தரோட குரலை அப்படியே உண்டாக்குற டூல் எங்ககிட்ட இருக்குன்னு சொல்லிட்டு, அந்த அறிவிப்புலயே, வங்கிக் கணக்குக்கு குரலை வெச்சு அனுமதிக்கிற பழக்கத்தை படிப்படியா விட்டுடுங்கன்னு எழுதியிருந்தாங்க. செய்றவங்களே சொல்றாங்க. 15 செகண்ட் குரல் எங்க கிடைக்காது? வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டு, கல்யாண வீடியோ, ரீல்ஸ், எங்க ஊர் கோயில் கொடையில மைக்ல பேசினது வரைக்கும் யூட்யூப்ல கெடக்கு. குரல் மட்டும் இல்ல, அதே 2024 ஆரம்பத்துல ஒரு பிரிட்டன் இன்ஜினியரிங் கம்பெனியோட ஹாங்காங் ஆபீஸ்ல வேலை பாக்கற ஒருத்தர், வீடியோ கால்ல தன் மேலதிகாரி, கூட வேலை பாக்கறவங்க எல்லாரையும் பாத்து, அவங்க சொன்னபடி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிட்டாரு, வீடியோவுல இருந்த அத்தனை பேரும் கம்ப்யூட்டர்ல செஞ்ச போலி. அப்ப பாருங்க, திருடனுக்கு காசும் கம்ப்யூட்டரும் இருக்கு, அவன் இந்தப் பூட்டைத் திறக்கப் படிச்சுட்டு இருக்கான், பூட்டு போட்டவங்களோ முகவாதம் வந்தவரை நிறுத்தி வெச்சுட்டு இருக்காங்க.

உண்மையான ஆளுக்கும் குரல் நெலையா இருக்காது. சளி பிடிச்சா மாறும், பல்செட்டைக் கழட்டி வெச்சா மாறும், பக்கவாதம் வந்தா வார்த்தையே வேற மாதிரி வரும். போதாக்குறைக்கு, பழைய டெலிபோன் முறை குரல்ல 300-ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ளதைத்தான் கொண்டு போகும், அதுக்கு மேல கீழ இருக்கறதை வெட்டிடும், போன்ல பேசறது பெரியவனா சின்னவனான்னு பெத்த அம்மாவே குழம்புறது அதனாலதான். அப்படி வெட்டுப்பட்ட குரலை வெச்சு ஆளைச் சொல்லுன்னா மெஷின் என்ன பண்ணும்.

கேக்காம எடுக்கறது இன்னொரு தப்பு. பிரிட்டன் வரித்துறை போன்ல கூப்பிடறவங்க குரலை எல்லாம் பதிவு பண்ணி வெச்சிருந்துச்சு, வேண்டாம்னு சொல்ல என்ன வழின்னு சரியா சொல்லாம, முறையா சம்மதம் வாங்காம. 2019-ல அந்த நாட்டு தகவல் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டு, கிட்டத்தட்ட 50 லட்சம் பேரோட குரல் பதிவை அழிக்க வேண்டியதாச்சு. இங்கயும் 2023-ல டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. பாஸ்வேர்டு திருடு போனா மாத்திக்கலாம், ஏடிஎம் கார்டு தொலைஞ்சா வேற வாங்கலாம், என் அம்மாவோட முகத்துக்கும் குரலுக்கும் நான் எங்க போயி மாத்து வாங்குவேன்? அதனால எடுக்கறதுக்கு முன்னாடி, எதுக்கு எடுக்கறோம், எத்தனை வருஷம் வெச்சிருப்போம், வேண்டாம்னா வேற வழி என்னன்னு தமிழ்ல, காதால கேக்கற மாதிரி சொல்லுங்க. நாலு பக்கம் இங்கிலீஷ்ல காட்டி கீழ ஒரு டிக் வைக்கச் சொன்னா, அந்த டிக்கை வைக்கிறது அவங்க இல்ல, நான்தான் வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அடுத்தவங்க உரிமையில கை வைக்கிற மாதிரி இருக்கு எனக்கு.

சரி, பிராஞ்ச்ல முதல் ரெண்டு தடவை ஏன் அவரைத் திருப்பி அனுப்பினாங்கன்னு நான் ரொம்ப யோசிச்சேன். அவங்க கெட்டவங்க இல்ல. ஒருத்தர் தண்ணி கூட குடுத்திருக்காரு. அவங்க பயப்படறாங்க. மெஷின் பாஸ் போட்டு நாளைக்கு அது மோசடின்னு தெரிஞ்சா மெஷின்தான் சொல்லுச்சுன்னு தப்பிச்சுக்கலாம், தான் கையெழுத்துப் போட்டு ஏத்துக்கிட்டு ஏதாவது ஆச்சுன்னா ஆடிட்ல அவங்க தலைதான் உருளும். இந்தப் பயம் இருக்கற வரைக்கும் நீங்க மேல எத்தனை நல்ல விதி எழுதினாலும் கவுண்டர்ல ஆப்லயே பண்ணுங்க ஐயாங்கற பதில்தான் வரும். விதி ஏற்கனவே இருக்குங்க. பயோமெட்ரிக், அதாவது கைரேகை மாதிரி உடம்பு அடையாளம், பொருந்தலன்னு யாருக்கும் சலுகையை மறுக்கக் கூடாதுன்னு ஆதார் ஆணையம் 2017 அக்டோபர்லயே சுற்றறிக்கை விட்டிருக்கு. மேல இருந்து விட்ட காகிதம் கவுண்டர் வரைக்கும் இறங்கி வரல, அவ்வளவுதான்.

அதனால முதல்ல நீங்க காப்பாத்த வேண்டியது அந்தக் கவுண்டர்ல உக்காந்திருக்கறவரை. முகம் பொருந்தலன்னு வந்தவரை நேர்ல பாத்து, பழைய போட்டோ, கையெழுத்து, ரெண்டு கேள்வி, தேவைப்பட்டா தெரிஞ்ச ஒரு சாட்சி, இதை வெச்சு ஏத்துக்கற அதிகாரம் பிராஞ்சுக்கும் அலுவலகத்துக்கும் இருக்குன்னு எழுத்துல குடுங்க, முறைப்படி பண்ணினதுக்காக அவரைப் பின்னாடி நோண்ட மாட்டோம்னும் சேத்து எழுதுங்க. சிஸ்டத்துல அதுக்கு ஒரு பட்டன் வைங்க, ஆப்ஷனே வரலன்னு யாரும் சொல்ற நிலைமை வரக் கூடாது.

ஆப் ஃபெயில் ஆனா 24 மணி நேரம் கழித்து முயற்சிக்கவும்னு மட்டும் போட்டு விட்டுடாதீங்க. எந்த ஆபீசுக்குப் போகணும், எதைக் கொண்டு போகணும், யாருக்குப் போன் பண்ணணும்னு அதே ஸ்க்ரீன்ல பெரிய எழுத்துல தமிழ்ல போடுங்க, ஃபெயில் ஆனதுக்கு ஒரு நம்பரும் குடுங்க, அதை எழுதிட்டுப் போயி கவுண்டர்ல காட்டினா இவரு முயற்சி பண்ணிட்டாருன்னு அவங்களுக்குத் தெரியணும். அந்த நம்பர் இருக்கற வரைக்கும் அக்கவுண்ட்டையோ பென்ஷனையோ நிறுத்தக் கூடாது. இது முக்கியம், இதுல மட்டும் தயவு செஞ்சு பேரம் பேசாதீங்க. தப்பு மெஷினோடதா மனுசனோடதான்னு தெரியாத நேரத்துல பட்டினி கிடக்கறது எப்பவும் மனுசனா இருக்கக் கூடாது.

கண்ணு சிமிட்டறதுக்குப் பதிலா தலையைத் திருப்பறது, அதுவும் முடியாதவங்களுக்கு வீடியோ கால்ல ஒரு ஆள் வந்து பேசிப் பாக்கறது, இப்படி வழி இருக்குன்னு உங்களுக்கே தெரியும், வங்கிங்க வீடியோவுல கேஒய்சி பண்ணலாம்னு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியிலயே அனுமதி குடுத்தாச்சு. அதை முகவாதம், கண்பார்வை இல்லாதவங்க, கை நடுக்கம் உள்ளவங்களுக்கு முதல்லயே திறந்து விடுங்க, மூணு தடவை தோத்த பிறகு இல்ல. ஆப் எழுதற தம்பிங்களுக்கும் ஒரு வேண்டுகோள், டெஸ்ட் பண்றதுக்கு இருபத்தஞ்சு வயசு ஆளுங்க முகத்தோட நிறுத்தாம, எங்க மாதிரி கடைக்கு ஒரு நாள் வாங்க, எட்டாயிரம் ரூபாய் செல்லுல, கீறல் விழுந்த முன் கேமராவுல, மத்தியானம் கரண்ட் போன நேரத்துல பாருங்க.

ஐயா சமாச்சாரத்துக்கு அப்புறம் நான் கடையில ஒரு நோட்டு போட்டிருக்கேன். பேரு எழுதறதில்ல, ஆதார் நம்பர் எழுதறதில்ல. தேதி, வயசு, என்ன வேலைக்கு வந்தாங்க, எந்த இடத்துல நின்னுச்சு, ஸ்க்ரீன்ல என்ன வந்துச்சு, எத்தனை தடவை பண்ணினோம், கடைசியில எப்படி முடிஞ்சுது, இவ்வளவுதான். எப்படி முடிஞ்சுதுங்கற அந்தக் கடைசிக் கட்டம் பல வரிக்கு இன்னும் காலியாத்தான் இருக்கு. உங்கள்ல யாரு கேட்டாலும் பக்கத்துக்குப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பறேன், நேர்ல வரச் சொன்னா நோட்டோட வர்றேன். ஐயாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்காரு.

இப்படிக்கு,
ராஜபாளையம் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கறவன்